பதினொன்றரை மணிக்கு மறுத்தவர்கள்

"இயன்முறை மருத்துவச் சேவை ஒருங்கிணைப்பாளர். ஒரு பணியிடம். இயன்முறை மருத்துவத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றிருத்தல் வேண்டும். இதய அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய மறுவாழ்வுப் பணியில் பத்தாண்டு அனுபவம் அவசியம். திடகாத்திரமான உடல்நிலையும், நீண்ட நேரம் நின்று பணியாற்றும் ஆற்றலும், கீழ்ப் பணியாளர்களுக்கு உறுதியுடன் உத்தரவிடும் திறனும் உடையவராக இருத்தல் வேண்டும். பணியிடம் உடனடியாக நிரப்பப்படும்."

மருத்துவமனையின் அறிவிப்புப் பலகையில் இரண்டு மாதம் தொங்கிய இந்தத் தாளில் போனக்காவுக்குப் பொருந்தியது கடைசி வாக்கியம் ஒன்றுதான்.

போனக்கா இருபத்திரண்டு வருடம் அதே மருத்துவமனையின் டெலிபோன் ஆபரேட்டர். தரைத்தளத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எந்த வார்டிலிருந்து யார் யாரைக் கேட்டாலும் இணைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். ஒவ்வொரு மேசைக்கும் தனித்தனி லைன் வந்ததும் சுவரிலிருந்த டெலிபோன் போர்டைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். போர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரைப் பிடுங்கிக்கொண்டு போக வழியில்லை. ஓய்வு பெற இன்னும் நாலு வருடம் பாக்கி இருந்தது. காலியாக ஓர் இடமும் சும்மா ஓர் ஆளும் இருந்தால் இரண்டையும் முடிச்சுப் போடுவதற்குப் பெயர்தான் நிர்வாகம் என்று நம்பிய அதிகாரி ஒருவர், ஒரு திங்கட்கிழமை காலையில் அந்த முடிச்சைப் போட்டுவிட்டார்.

திடகாத்திரத்தைப் பொறுத்தவரை, அக்காவின் இரண்டு முட்டிகளும் பல வருடமாக ஒத்துழைக்க மறுத்து வந்தன. நின்று பணியாற்றுவதா, அவர் எழுந்து நிற்பதே ஒரு பணி. உத்தரவு என்று வாயைத் திறந்தால் "கொஞ்சம் லைன்ல இருங்க" என்பதற்கு மேல் எதுவும் வராது. முதுநிலைப் பட்டத்தை விட்டுவிடலாம். அதைப் பற்றிப் பேசுவது மரியாதை இல்லை.

பக்கத்தில் நிற்க வைத்து, பார்த்துப் பார்த்து அந்த அறிவிப்பை வரிக்கு வரி எழுதியது போன்ற ஓர் ஆள் அதே பிரிவில் இருந்தார். முதுநிலைப் பட்டம் இருந்தது, பதினோரு வருட அனுபவம் இருந்தது. தினமும் காலையில் எட்டு கிலோமீட்டர் ஓடிவிட்டுத்தான் வேலைக்கே வருவார் என்பதால் ஓட்டக்காரர் என்று பெயர். உத்தரவிடச் சொன்னால் நாலு மாடிக்கும் கேட்கும். தனக்கு நடந்த அநியாயத்தை அவர் மிகவும் கண்ணியமாக ஏற்றுக்கொண்டார். அதாவது, எல்லோருக்கும் தெரியும்படி யாரிடமும் எதுவும் சொல்லாமல் இருந்தார். அவருக்குக் கீழே இருந்த இரண்டு இளம் பிசியோக்கள் அந்த வாரம் முழுக்கக் கதவைக் கூடச் சத்தமில்லாமல் சாத்தினார்கள்.

பிசியோ பிரிவு அடித்தளத்தில் இருந்தது. பிடித்து நடக்க இரண்டு கம்பிகள், ஒரு ஆளுயரக் கண்ணாடி, இருக்கை கிழிந்த ஒரு சைக்கிள், ஒரு மேசை, ஒரு பதிவேடு. போனக்கா தன் பழைய மெத்தை நாற்காலியை அங்கே இறக்கச் செய்து, உட்கார்ந்து, வேறு வேலை எதுவும் தெரியாத காரணத்தால் பதிவேட்டைப் படிக்க ஆரம்பித்தார். பொதுவாக அதில் எழுதுவார்கள். அதை எடுத்து ஒருவர் படிப்பது அதுதான் முதல் தடவை.

"தம்பி, இதுல நிறைய இடத்துல 'மறுத்தார்'னு இருக்கே. அப்படின்னா?"

"பயிற்சிக்கு மாட்டேன்னுட்டாங்கன்னு அர்த்தம்க்கா," என்றார் ஓட்டக்காரர்.

"ஏன் மாட்டேன்னாங்க?"

"அதுக்குக் கட்டம் இல்லக்கா."

உண்மைதான். தேதி, படுக்கை எண், பயிற்சி, நிமிடம், கையொப்பம் என்று ஐந்து கட்டங்கள். மூன்று முறை 'மறுத்தார்' என்று எழுதினால் நோயாளியின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட வேண்டும் என்பது பிரிவின் விதி. மறுத்ததற்குக் காரணம் கேட்கும் விதி எதுவும் இல்லை.

மறுத்தவர்கள் பெரும்பாலும் நாலாவது மாடிக்காரர்கள். இதய அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருப்பவர்கள். நெஞ்செலும்பை நடுவில் அறுத்து, உள்ளே வேலையை முடித்து, கம்பி போட்டுச் சேர்த்து, மேலே தைத்து அனுப்பியிருப்பார்கள். சர்ஜனின் வேலை அதோடு முடிந்துவிடும். நோயாளியின் வேலை அங்கேதான் தொடங்கும். மூச்சை ஆழமாக இழுக்க வேண்டும், இருமிச் சளியைத் துப்ப வேண்டும், இரண்டாம் நாளே எழுந்து நடக்க வேண்டும். இல்லாவிட்டால் சளி நுரையீரலில் தேங்கி, காய்ச்சல் வந்து, நன்றாகச் செய்த ஆபரேஷனை வீணாக்கிவிடும். இதையெல்லாம் செய்ய வைப்பதுதான் பிசியோ.

அக்கா பதவியேற்ற மூன்றாம் நாள் இதய சர்ஜனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கடந்த மூன்று மாதத்தில் தொண்ணூற்றாறு நோயாளிகள். அதில் ஐம்பத்தெட்டுப் பேர் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டவர்கள். விருப்பமில்லாதவர்களிடம் மூன்று பிசியோக்களின் நேரத்தை வீணாக்குவதில் பொருளில்லை. இந்த மாதக் கடைசிக்குள் நிலைமை மாறாவிட்டால் நாலாவது மாடிச் சேவையை நிறுத்திவிட்டு மூவரையும் எலும்புப் பிரிவுக்கு அனுப்பலாம். இதய நோயாளிகளுக்கு அச்சடித்த பயிற்சித்தாள் ஒன்று கொடுத்தால் போதும்.

ஓட்டக்காரர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பதவி போனது ஒரு வலி. அந்த மாடியே போவது வேறு வலி. இருமத் தெரியாமல் படுத்திருப்பவன் கையில் தாளைக் கொடுத்தால் விசிறிக்கொள்வான் என்பது பதினோரு வருடம் அங்கே நின்றவருக்குத் தெரியும். அடுத்த நாளிலிருந்து பிளாஸ்டிக்கில் செய்த மாதிரி நுரையீரல் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் படுக்கை படுக்கையாகப் பிரசங்கம் செய்தார். பலன், அந்த நுரையீரலைப் பார்த்து இரண்டு பேர் கூடுதலாகப் பயந்ததுதான்.

ஒன்பதாம் படுக்கையில் ஒரு தையல்காரர். ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். பதினொன்றரை மணிக்கு ஓட்டக்காரர் போய் நின்றதும் இரண்டு கையையும் நெஞ்சின் மேல் பூட்டிக்கொண்டார்.

"சார், நான் முப்பது வருஷம் மெஷின் மிதிச்சவன். எந்தத் தையல் எப்ப விடும்னு துணியைப் பார்த்தே சொல்லுவேன். இருமினேன்னா இது விட்டுடும்."

"விடாதுங்க. உள்ள கம்பி போட்டு இறுக்கியிருக்கு."

"கம்பியா? கம்பி போட்டுத் தச்சு எது உருப்பட்டிருக்கு?"

பக்கத்தில் நின்ற அவர் மனைவி, "இங்க பாருங்க, சார் சொல்றதைக் கொஞ்சம் காதுல வாங்குங்களேன்," என்றார்.

"நீ சும்மா இரு. உனக்கா தச்சிருக்கு?"

ஓட்டக்காரர் இரண்டாவது முறையாக 'மறுத்தார்' என்று எழுதினார். நாளைக்கு ஒரு தடவை எழுதினால் அடித்துவிட வேண்டும். தையல்காரரின் மூச்சில் அதற்குள் கரகரவென்று ஒரு சத்தம் தொடங்கியிருந்தது. உடம்பும் லேசாகச் சுட்டது. திரும்பும்போதுதான் பார்த்தார், நர்ஸ்கள் மேசைக்குப் பக்கத்தில், போனுக்கு அருகில், மடியில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு போனக்கா உட்கார்ந்திருந்தார். காலை ஆறு மணியிலிருந்து அங்கேயே இருப்பதாக ஒரு நர்ஸ் சொன்னாள். ஓட்டக்காரருக்குக் கோபம் வந்தது. பிசியோ என்ற வார்த்தையைக் கூடச் சரியாக உச்சரிக்கத் தெரியாதவர் பிசியோக்களை வேவு பார்க்கிறாரா?

மதியம் அடித்தளத்தில் அக்கா நோட்டைத் திறந்தார்.

"தம்பி, கோவிச்சுக்காம கேளுங்க. நான் போர்டுல இருந்தப்ப, தினம் பதினொரு மணியாச்சுன்னா நாலாவது மாடியிலிருந்து போன் மேல போன் வரும். டூட்டி டாக்டரைக் குடுங்க, டூட்டி டாக்டரைக் குடுங்கன்னு. நானும் குடுத்துக்கிட்டே இருந்தேன். எதுக்குன்னு ஒரு நாளும் கேட்டதில்ல. கேக்கறது என் வேலை இல்ல. இன்னிக்குத்தான் பக்கத்துல உக்காந்து கேட்டேன்."

"எதுக்காம்?"

"வலி தாங்கலை, இப்பவே மாத்திரை குடுக்கலாமான்னு. டாக்டர், 'கூடாது, ரெண்டு மணிக்குத்தான்'னுவார். காலையில ஆறு, மதியம் ரெண்டு, அப்புறம் ராத்திரி பத்து. இதுதான் மாத்திரை நேரம். நீங்க போறது பதினொன்றரை."

அக்கா நோட்டில் ஒரு பக்கம் புரட்டினார்.

"ஏழு மணிக்கு அந்தத் தையல்காரர் எப்படி இருந்தாரு தெரியுமா? உக்காந்து, ஹெட் சிஸ்டரோட யூனிபார்ம் தோள்பட்டையில தூக்குதுன்னு குறை சொல்லிக்கிட்டிருந்தாரு. பதினொன்றரைக்கு நீங்க பாத்தது வேற ஆளு."

"அக்கா, டைம்டேபிள்னு ஒண்ணு இருக்கு. இஷ்டத்துக்கு மாத்த முடியாது."

"அது சரி. யார் போட்டது அது?"

சைக்கிளின் கிழிந்த இருக்கையைப் பார்த்துக்கொண்டு ஓட்டக்காரர் சொன்னார்: "நான்தான்."

நாலு வருடத்துக்கு முன் அவரே கட்டம் கட்டமாகப் போட்ட அட்டவணை அது. எலும்புப் பிரிவுத் தலைவர் கெடுபிடிக்காரர் என்பதால் காலை நேரம் அங்கே. பத்து மணிக்கு வெளிநோயாளிகள். டாக்டர்களின் ரவுண்ட்ஸ் முடிந்து வார்டு அமைதியாக இருக்கும் என்று பதினொன்றரைக்கு நாலாவது மாடி. அமைதியாகத்தான் இருந்தது. அத்தனை பேரும் வலியில் அசையாமல் படுத்திருந்தார்கள். வலி அடங்கியிருக்கும் நேரத்தில்தான் பயிற்சி என்று அவர் பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவர். மாத்திரை நர்ஸ்களின் இலாகா, பயிற்சி தன்னுடைய இலாகா என்று இருந்ததில், இரண்டு இலாகாவும் ஒரே நெஞ்சில் நடப்பதை மறந்துபோனார்.

அக்கா அதை மேலும் தோண்டவில்லை. போனை எடுத்தார். நம்பரைப் பார்க்கவே தேவையில்லாமல் விரல்கள் தானாக அழுத்தின. முதலில் எலும்புப் பிரிவுத் தலைவர்.

"ஐயா, நான்தான், போனக்கா. நல்லா இருக்கீங்களா? ஒண்ணும் இல்ல, பிசியோ ஆளுங்க எட்டு மணிக்கு உங்க வார்டுக்கு வந்து கட்டுப் போட்ட காலைத் தூக்கி வெச்சுக்கிட்டு உங்களுக்காகக் காத்திருக்காங்க. நீங்க ஒம்பதுக்கு மேலதானே வருவீங்க... இல்லையா? எட்டுக்கே வர்றீங்களா? இருபத்திரண்டு வருஷமா உங்க ரூமுக்கு முதல் லைன் ஒம்பது மணி பத்து நிமிஷத்துக்குத்தான் குடுத்திருக்கேன், அதான் கேட்டேன்... சரிங்கய்யா. ஒம்பது மணி. ரொம்ப நன்றிங்கய்யா."

கெடுபிடிக்காரர் ஒரு மணி நேரத்தை விட்டுக்கொடுத்ததை ஓட்டக்காரர் தன் வாழ்நாளில் முதல் தடவையாகக் காதால் கேட்டார். அடுத்து காலை ஏழு மணிக்கே லிப்டை ஓட்டச் சொல்லி லிப்ட் ஆபரேட்டர், அடுத்து விரிப்புகளை அதற்கு முன்பே அனுப்பச் சொல்லித் துணி வெளுக்கும் பிரிவு, அடுத்து இரண்டு இளம் பிசியோக்கள், கடைசியில் நாலாவது மாடி ஹெட் சிஸ்டர். ஹெட் சிஸ்டர் மட்டும் காலையில் நேரில் பேசிக்கொள்ளலாம் என்று பிடி கொடுக்காமல் வைத்துவிட்டார்.

"தம்பி, நாளைக்கு ஏழு மணிக்கு வர முடியுமா?"

"அது நான் ஓடற நேரம்க்கா."

"நாலாவது மாடி வராந்தா நல்ல நீளம். அங்க ஓடுங்களேன்."

ஓட்டக்காரர் "பார்க்கலாம்" என்றார். மாட்டேன் என்பதை மரியாதையாகச் சொல்லும் வார்த்தை அது.

வீட்டில் மனைவியிடம் கொட்டித் தீர்த்தார். மனைவி ஒரு மருந்துக்கடையில் வேலை செய்பவர். துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டார்.

"ஆறு மணி மாத்திரை ஏழு, எட்டு மணிக்கு நல்லா வேலை செய்யும்ங்க. பதினொண்ணுக்கு மூட்டையைக் கட்டிக்கிட்டுக் கிளம்பிடும். இதைக் கடைக்கு வர்றவங்ககிட்ட தினம் சொல்றேன். உங்ககிட்டதான் சொன்னதில்ல."

"ஏன் சொல்லலை?"

"நீங்க முதுநிலைப் பட்டமாச்சே. உங்களுக்கு நான் சொல்றதா?" என்று மடித்த சட்டையை அவர் கையில் வைத்தார்.

மறுநாள் ஓட்டக்காரர் ஓடவில்லை. ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நாலாவது மாடியில் லிப்டை விட்டு இறங்கியபோது, ஹெட் சிஸ்டர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு போனக்காவின் முன் நின்றுகொண்டிருந்தார்.

"ஏழு மணிக்கு என் பொண்ணுங்க பெட் மாத்துவாங்க. அந்த நேரத்துல நீங்க பேஷன்ட்டை இழுத்துக்கிட்டு நடந்தா வார்டு சந்தைக்கடை ஆயிடும்."

"ஆள் படுத்திருக்கிற பெட்டுல விரிப்பு மாத்தறது சுலபமா சிஸ்டர், ஆள் இல்லாத பெட்டுலயா?" என்றார் அக்கா. குரலில் குத்தல் இல்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்பவர் போல இருந்தது. ஹெட் சிஸ்டர் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். இருபது படுக்கை. ஒரு ஆளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டி விரிப்பு மாற்ற இரண்டு பெண்கள் தேவை.

"ஒரு வாரம் பாக்கறேன்," என்றார்.

ஒன்பதாம் படுக்கையில் தையல்காரர் இரவு முழுக்கக் காய்ச்சலில் வாடியிருந்தாலும், ஆறு மணி மாத்திரையின் தயவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஓட்டக்காரர் அன்றைக்கு நுரையீரல் மாதிரியைக் கொண்டுவரவில்லை. பிரசங்கமும் இல்லை. ஒரு துண்டை இறுக்கிச் சுருட்டிக் கையில் கொடுத்தார்.

"இதை நெஞ்சோட அணைச்சுப் பிடிங்க. இப்ப தையலை நீங்களே பிடிச்சிருக்கீங்க. உங்க கையை மீறி விடுமா?"

தையல்காரர் யோசித்தார். சொந்தக் கை மேல் அவருக்குச் சந்தேகம் இருந்ததில்லை. துண்டை அணைத்தார், மூச்சை இழுத்தார், இருமினார். முதல் இருமல் கதவைத் தட்டிப் பார்ப்பது போல இருந்தது. மூன்றாவது உள்ளேயிருந்து வந்தது. அதோடு சளியும் வந்தது. அவர் மனைவி கிண்ணத்தை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தையல்காரர் பயந்து பயந்து சட்டைக்குள் எட்டிப் பார்த்தார்.

"விடலையே!" என்றார். பிறகு, தொழில்காரன் தொழில்காரனை மெச்சும் குரலில், "நல்ல கைதான் தச்சிருக்கு," என்றார்.

பிறகு எழுந்து பதினெட்டு அடி நடந்தார். ஓட்டக்காரர் ஒரு கையைப் பிடித்துக்கொண்டார். அவர்களுக்குப் பின்னால் இரண்டு பெண்கள் ஒரே நிமிடத்தில் விரிப்பை மாற்றிவிட்டுப் போனார்கள். அது இவ்வளவு சுலபமாக நடந்ததில் ஓட்டக்காரருக்கு நிஜமாகவே எரிச்சலாக இருந்தது. நாலு வருடத்தில் 'மறுத்தார்' என்று எழுதிய பெயர்கள் ஒன்றிரண்டு ஞாபகம் வந்தபோது அந்த எரிச்சல் வேறொன்றாக மாறியது. அதற்குப் பெயர் வைக்காமல் பத்தாம் படுக்கைக்குப் போனார்.

காய்ச்சல் இரண்டு நாளில் இறங்கியது. தையல்காரருக்கு நன்றி சொல்லத் தெரியாது; வீட்டுக்குப் போகும்போது சுருட்டிய துண்டின் நீளம் அகலத்தைச் சாணால் அளந்துகொண்டு போனார். பத்து நாள் கழித்து அவர் மனைவி உறுதியான உறை போட்ட பன்னிரண்டு சின்னத் தலையணைகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "துண்டுக்குப் பிடிப்பு போதாதாம். அவர் சொல்லச் சொன்னாரு," என்றார்.

மாதக் கடைசியில் இதய சர்ஜனின் அறையில் கூட்டம். போனக்கா சுவரோரம் இருந்த நாற்காலியில் முட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சர்ஜன் பதிவேட்டைப் புரட்டினார். நேரம் மாறியபின் வந்தவர்கள் முப்பத்தொரு பேர். அடிக்கப்பட்டவர் ஒருவர். அந்த ஒருவர் ஏழு மணிக்கும் மறுத்தார், அக்கா வேண்டுமென்றே அனுப்பிப் பார்த்த மூன்று மணிக்கும் மறுத்தார், கடைசியில் வீட்டுக்குப் போகச் சொன்னபோது அதையும் மறுத்தார்.

"மருந்து மாத்தினீங்களா?" என்று ஓட்டக்காரரைக் கேட்டார் சர்ஜன்.

"இல்ல சார்."

"புது மெஷின் ஏதாவது?"

"இல்ல சார்."

சர்ஜன் ஓட்டக்காரரை ஏற இறங்கப் பார்த்தார். அந்த அறையில் அறிவிப்புத்தாளுக்குப் பொருந்திய ஆள் அவர் ஒருவர்தான். "நல்ல வேலை பண்ணியிருக்கீங்க. உங்க யோசனைதானே?"

ஒரு "ஆமாம் சார்" போதும். போன பதவி அந்த ஒரு வார்த்தையில் திரும்பி வந்துவிடும் போலிருந்தது. சுவரோரத்திலிருந்து மறுப்பு வராது என்பதும் நிச்சயம். யாராவது பேசும்போது குறுக்கிடாமலிருப்பது அக்காவின் இருபத்திரண்டு வருடப் பழக்கம். ஓட்டக்காரர் பதில் சொன்னார்.

"பதினொன்றரை மணி என் யோசனை சார். நாலு வருஷம் அதான் நடந்தது. ஏழு மணி அக்காவோடது."

சர்ஜன் நாற்காலியைத் திருப்பிப் போனக்காவைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடமாகத் தினமும் கேட்ட குரலுக்கு ஒரு முகம் இருந்ததை அன்றுதான் கவனித்தவர் போலிருந்தது.

"சேவை தொடரட்டும்," என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

லிப்டில் இறங்கும்போது ஓட்டக்காரர் இரண்டு மாடி தாண்டும்வரை வார்த்தை தேடினார். கிடைத்தது சாதாரண வார்த்தைதான்.

"ரொம்ப நன்றிக்கா."

"எனக்கெதுக்கு தம்பி? நான் லைன் போட்டுக் குடுத்தேன். பேசினது நீங்க. என்னை வீட்டுக்கு அனுப்பாம ஏதோ ஒரு நாற்காலியில உக்கார வெச்சாங்களே, நான்தான் யாருக்காவது நன்றி சொல்லணும்."

யாருக்குச் சொல்வது என்று இருவருக்குமே தெரியவில்லை. முடிச்சுப் போட்ட அதிகாரிக்குச் சொல்லலாம்தான். ஆனால் சொன்னால் அவர் தெரிந்து செய்தார் என்று ஆகிவிடும்.

ஆண்டறிக்கையில் அந்த வருடம் இப்படி எழுதினார்கள்: "பல்துறை ஒருங்கிணைப்பின் மூலம் இதய அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய மறுவாழ்வுச் சேவை மேம்படுத்தப்பட்டது." அறிக்கையில் பெயர் எதுவும் இல்லை.

போனக்கா செய்தது இது: ஒரு நாள் காலை ஆறு மணிக்கு நாலாவது மாடியில் உட்கார்ந்து மாத்திரை நேரத்தை எழுதிக்கொண்டார். ஆறு பேருக்குப் போன் செய்தார். பதினொன்றரை மணிப் பயிற்சியை ஏழு மணிக்கு மாற்றினார். பதிவேட்டில் ஸ்கேலை வைத்து ஆறாவதாக ஒரு கட்டம் போட்டு, அதன் தலையில் "ஏன்?" என்று எழுதினார்.